சட்டையை இன் பண்ணினால் யாருக்கு உறுத்துகிறது?

கச்சிராயபாளையத்தில் நாங்கள் நடத்தும் சனிக்கிழமை வகுப்புக்குக் காலனிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளும் இரண்டு மூன்று பேர் உண்டு. எல்லோரும் பன்னிரண்டாவதோ டிகிரியோ முடித்தவர்கள். விண்ணப்பம் எழுதுவது, நேர்காணலில் பேசுவது, வங்கிப் படிவம் நிரப்புவது என்று ஏதாவது ஒன்று நடக்கும். போன மாதம் ஒரு வாரம் "வேலைக்கு என்ன உடுத்திக்கொண்டு போவது" என்பது தலைப்பு. அரை மணி நேரம் போதும் என்று நினைத்திருந்தோம். மூன்று மணி நேரம் ஆகியும் முடியவில்லை.

காரணம் ஒரு தம்பி. அப்பா கரும்பு வெட்டுக்குப் போகிறவர். இவர் பி.காம். முடித்துவிட்டு ஓர் அலுவலகத்தில் தற்காலிகக் கணினி இயக்குபவராகச் சேர்ந்திருந்தார். முதல் நாள் வெளிர்நீலச் சட்டை, கருநீலப் பேண்ட், பெல்ட், பாலீஷ் போட்ட ஷூ என்று சட்டையை இன் பண்ணிக்கொண்டு போயிருக்கிறார். அம்மா கரி இஸ்திரிப் பெட்டியில் விடியற்காலையில் தேய்த்துக் கொடுத்தது. உள்ளே நுழைந்ததும் ஒருவர் கேட்டாராம்: "இன்னா தம்பி, பொண்ணு பாக்கப் போறியா?" எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இரண்டாம் நாள், "நம்ம ஆபீசரே இன் பண்றது இல்ல, நீ இன்னாப்பா?" மூன்றாம் நாள் ஊர் எது என்று கேட்டு, அப்புறம் தெரு எது என்று கேட்டு, "ஓ, அங்கியா" என்று ஒருவர் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார். நான்காம் நாளிலிருந்து தம்பி சட்டையை வெளியே எடுத்துவிட்டுப் போகத் தொடங்கினார். அதே அலுவலகத்தில் இன் பண்ணிக்கொண்டு வரும் வேறு இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் பெண் பார்க்கப் போகிறார்களா என்று யாரும் கேட்பதில்லை.

"ஃபார்மல் டிரஸ்" பற்றி யூடியூபில் ஆயிரம் பேர் பாடம் எடுக்கிறார்கள். சட்டை நிறத்துக்கு ஏற்ற பேண்ட், பெல்ட் நிறத்திலேயே ஷூ, அளவான நகை, உங்களுக்கென்று ஒரு தனி பாணி. எல்லாம் சரிதான். ஆனால் நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை கேள்வி எந்தச் சட்டை எடுப்பாக இருக்கும் என்பதில் தொடங்குவதில்லை. சட்டையே போடலாமா என்பதில் தொடங்கிய வரலாறு இது. அதுவும் ஏதோ மன்னர் காலத்துக் கதை இல்லை. நம் தாத்தாக்கள் உயிரோடு இருந்த காலம்.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்களுக்கு எதிராகக் கள்ளர் சாதியினர் எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். இந்தியச் சாதிகள் பற்றி 1946இல் வந்த அவருடைய நூலிலும் இவை இருக்கின்றன. பட்டியலைப் படித்தால் நம் காலத்து அலுவலகங்களின் உடைவிதிச் சுற்றறிக்கை மாதிரியே இருக்கும். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேல் உடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கொள்ளை போயின. 1931இல் எட்டு பதினொன்றானது. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் அதில் சேர்ந்துகொண்டது.

இந்தப் பட்டியலில் எங்களைத் தொந்தரவு செய்யும் சொல் கோட்டுதான். ரவிக்கையும் செருப்பும் வேறு பல ஊர்த் தடைகளிலும் வருபவை. கோட்டு வருகிறது என்றால், 1930க்கு முன்பே யாரோ ஒரு ஆதிதிராவிடர் கோட்டுப் போட்டுக்கொண்டு அந்த ஊர்த் தெருவில் நடந்திருக்கிறார் என்று பொருள். யாரும் செய்யாததை யாரும் தடை செய்வதில்லை. பட்டாளத்துக்கும் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் இலங்கைக்கும் நகரத்து வேலைகளுக்கும் போய் வந்தவர்கள் நம் ஆட்களில் எத்தனையோ பேர். தடைப்பட்டியல் என்பதே நம் முன்னோர் ஏற்கெனவே மீறிவிட்டதற்கான சாட்சி. அந்தக் கோட்டின் நிறம் என்ன, யார் தைத்தது என்று தெரிந்துகொள்ள இன்று வழியில்லை.

அதே மாதத்தில் லண்டனில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். 1930 நவம்பர் 12 அன்று முதல் வட்டமேசை மாநாடு தொடங்கியது. ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் பிரதிநிதிகளாக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அம்பேத்கர். இன்னொருவர் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். 1931 ஜனவரி வரை மாநாடு நடந்தது. அங்கே சீனிவாசன் கோட்டுப் போட்டுக்கொண்டு பேரரசின் சபையில் பேசிக்கொண்டிருந்த நாட்களில்தான் இங்கே ராமநாதபுரத்தில் அவருடைய மக்கள் கோட்டுப் போடக் கூடாது என்று தண்டோரா. பேரரசின் தலைநகரத்தில் தடையில்லை, பக்கத்துத் தெருவில் தடை.

சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர் என்பதையே பலரும் சொல்வோம். அதற்கு முன்பு அவர் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் கணக்கர் வேலை பார்த்த அலுவலக மனிதர் என்பதை மறந்துவிடுகிறோம். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தைப் பொதுச் சாலை, பொதுக் கிணறு தொடர்பாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தத் தீர்மானத்தில் பொது அலுவலக வளாகங்களும் இருந்தன. தாழ்த்தப்பட்ட மக்கள் அரசு அலுவலகத்துக்குள் நுழைய ஆட்சேபம் இல்லை என்று ஒரு சட்டமன்றம் தீர்மானம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. நூறு வருஷம்தான் ஆகிறது. எங்கள் தம்பி கால் வைத்த அந்த வாசற்படிக்கு இப்படி ஒரு முன்கதை உண்டு.

இன்னொரு தேதியையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1921 செப்டம்பர் 22, மதுரை. மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்த காந்தி சட்டையும் தொப்பியும் துறந்து முழங்கால் அளவு அரைத்துணிக்கு மாறினார். ஏழைகளின் உடையைத் தானும் ஏற்பது அவர் நோக்கம். அந்த நோக்கத்தை நாம் கேலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் அடுத்த மாவட்டத்தில் ஒன்பதே ஆண்டுகளில் அதே முழங்கால் கணக்கு ஒரு கட்டளையாக வந்தது. வைத்திருப்பவர் துறந்தால் அது தியாகம். போடவிடாமல் தடுக்கப்பட்டவர் அதே அரைத்துணியோடு நின்றால் அவரை யாரும் மகாத்மா என்று கூப்பிடவில்லை. அம்பேத்கர் ஏன் எப்போதும் கோட்டு சூட்டில் இருந்தார் என்று நம்மைப் பார்த்து அரைகுறையாகக் கேட்பவர்களுக்கு இந்த இரண்டு தேதிகளைச் சொன்னால் போதும்.

அம்பேத்கரே எழுதி வைத்திருக்கும் ஒரு சம்பவம் எங்கள் வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் சொல்லப்படும். 1901. அவருக்குப் பத்து வயது. அப்பா வேலை பார்க்கும் கோரேகானுக்கு அண்ணனோடும் அக்காள் பிள்ளையோடும் ரயிலில் போகிறார். பயணத்துக்கென்றே எல்லாம் புதிது: ஆங்கிலேயத் தையல் சட்டை, ஜரிகைத் தொப்பி, பட்டுக்கரை வேட்டி, புது ஷூ. மசூர் நிலையத்தில் இறங்கினார்கள், கூட்டிப்போக ஆள் வரவில்லை. நிலைய அதிகாரி அன்பாக விசாரிக்கிறார். உடையைப் பார்த்து அவர்களைப் பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்துவிட்டார். நீங்கள் யார் என்று கேட்டதும் சிறுவன் யோசிக்காமல் மகர் என்று சொல்லிவிட்டான். அவர் முகம் மாறியது, திரும்பிப் போய்விட்டார். எந்த வண்டிக்காரனும் ஏற்றிக்கொள்ள வரவில்லை. கடைசியில் இரட்டிப்புக் கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வந்தான்.

இதைச் சொன்னபோது எங்கள் தம்பி, "மூணாம் நாள் தெரு கேட்டாங்களே, அதுதான்" என்றார். உடை வாங்கித் தருவது அரை மணி நேர மரியாதை. தெருப்பெயர் வந்ததும் அது காலாவதியாகிவிடுகிறது. அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1917இல், கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு அதே அம்பேத்கர் பரோடா சமஸ்தான வேலையில் சேர்ந்தபோது தங்க இடம் கிடைக்காமல் ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து துரத்தினார்கள். அலுவலகத்தில் பியூன்கள் கோப்புகளைத் தொட்டுக் கொடுக்காமல் தூர நின்று எறிந்தார்கள். அவர் அணிந்திருந்த சூட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

அப்படியென்றால் உடை வீண்தானா? இல்லை என்றே அவர் முடிவு செய்தார். 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டில் பெண்களைத் தனியே உட்காரவைத்துப் பேசியபோது, தீண்டப்படாதவர் என்று தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும் புடவைக்கட்டையும் கைகால் நிறையச் சுமக்கும் கனத்த நகைகளையும் விடச் சொன்னார். பல பெண்கள் மறுநாளே கட்டை மாற்றிக்கொண்டு வந்தார்கள். சமூகவியல் வகுப்பில் நாங்கள் படித்தபோது இதற்கெல்லாம் எம்.என். சீனிவாஸ் 1952இல் கொடுத்த ஒரு பெயரை மனப்பாடம் செய்தோம்: சமஸ்கிருதமயமாதல். கீழ்ச்சாதி மேல்சாதியைப் போலச் செய்கிறது என்று. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். களத்துக்கு வந்த பிறகு அந்தச் சொல் எங்களுக்கு உதவவில்லை. மகாத் பெண்கள் விட்டது அவர்களாகத் தேர்ந்த அலங்காரம் அல்ல, அவர்கள்மேல் ஒட்டப்பட்ட சீட்டு. ஒட்டிய சீட்டைக் கிழிப்பவரைப் பார்த்து, யாரைப் பார்த்துக் காப்பியடிக்கிறாய் என்று கேட்பது என்ன நியாயம்?

திருவிதாங்கூர்க் கதையிலும் இதுதான் நடந்தது. தோள்சீலைப் போராட்டம் நாடார் பெண்களுடையது. முதலில் கிறிஸ்தவராக மாறியவர்கள் குப்பாயம் போடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போல மேல்துணி போடக் கூடாது என்றது அரசு. 1859 ஜூலையில் வந்த பிரகடனத்திலும் மார்பை மறைக்கலாம், மேல்சாதிப் பெண்கள் மறைக்கும் விதத்தில் மட்டும் கூடாது. மறைப்பதில்கூட வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதுதான் கவலை. அய்யன்காளி 1893இல் வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக வில்வண்டியில் பொதுவழியில் போனார். 1915இல் பெரிநாட்டில் புலையப் பெண்கள் கழுத்தில் கட்டாயமாகக் கிடந்த கல்மாலைகளை அறுத்தெறிந்தார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் எல்லாம் சேர்ந்த பழைய தென்னாற்காட்டில் ராமநாதபுரம் போல எண் போட்ட பட்டியல் இருந்ததாக நாங்கள் படித்ததில்லை. பட்டியல் தேவைப்படவில்லை என்பதுதான் விஷயம். எல்லாம் உடம்பிலேயே எழுதியிருந்தது. ஊர்த்தெருவில் நுழையும்போது செருப்பு கைக்கு வந்துவிடும், தோள் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் பாட்டிகளிடம் கேட்டால், ரவிக்கை போட்ட முதல் ஆண்டு நினைவிருக்கிறது, யார் என்ன சொன்னார்கள் என்பதும் நினைவிருக்கிறது. ஒரு பாட்டி சொன்னார்: "சோத்துக்கு இல்லாத ஊட்ல சோப்பு வாங்குவோம்." சுத்தம் இல்லை என்று சொல்லித்தானே தள்ளி வைத்தார்கள். அந்த வாயை அடைக்க வாங்கிய சோப்பு அது.

1916இல் சுவாமி சகஜானந்தா சிதம்பரத்தில் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகமும் அதன் பள்ளியும் இந்த மாவட்டத்துச் சேரிப் பிள்ளைகள் பலரைப் படித்தவர்களாக்கின. அங்கே படித்து ஆசிரியரும் எழுத்தருமாக ஆனவர்களின் புகைப்படங்கள் இன்னும் சில காலனி வீடுகளில் தொங்குகின்றன. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா. கவனித்துப் பாருங்கள், பேனா தெரியும்படிதான் நின்றிருப்பார்கள். தனி பாணி என்கிறார்களே, நம் முதல் தலைமுறை உத்தியோகஸ்தர்களின் தனி பாணி அந்தப் பேனா. அதை அடுத்து நீலம். 1942இல் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடியில் ஏறிய நீலம், அப்புறம் ஊர் ஊராக நின்ற சிலைகளின் சூட்டுக்கு இறங்கியது. 19ஆம் நூற்றாண்டில் அவுரிச் சாயத்துக்குப் பேர்போன மாவட்டம் நம் தென்னாற்காடு. நீலம் நமக்கு வெளியூர் நிறம் இல்லை.

இதெல்லாம் பழங்கதை, இப்போது யார் சட்டையைப் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு 2012ஐ நினைவூட்ட வேண்டும். நவம்பர் 7 அன்று தர்மபுரியில் நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. அடுத்த மாதமே பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸ் பேண்டும் டீ ஷர்ட்டும் கூலிங் கிளாசும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்ற பொருளில் பேசினார். அந்தப் பேச்சு நம் வட மாவட்டங்களில் ஒவ்வொரு டீக்கடைக்கும் வந்து சேர்ந்தது. அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகள்தான் இன்று எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜீன்ஸ் வாங்க வேண்டாம் என்று தன் அம்மா அழுததை ஒருவர் சொன்னார். 1930இல் கோட்டு, 2012இல் ஜீன்ஸ்.

சட்டம் என்ன செய்தது? இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம். 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த ஒரு புத்தக வெளியீட்டுக்கு வேட்டியோடு போன உயர்நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் உள்ளே விடப்படவில்லை. தமிழ்நாடே கொதித்தது. ஆகஸ்டில் சட்டமே வந்துவிட்டது, வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, இருபத்தையாயிரம் ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம், வரவேற்றோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ 1989இலேயே வந்தது. தலித்தும் பழங்குடியும் பொது இடத்தில் செருப்பு போடுவதை, புத்தாடை உடுத்துவதைத் தடுப்பது குற்றம் என்று அதில் தெளிவாக எழுத 2015ஆம் ஆண்டுத் திருத்தம் வரை ஆனது. 2016 ஜனவரி 26 முதல்தான் நடைமுறை. மீசையை மழிப்பதும் அந்தத் திருத்தத்தில்தான் சேர்ந்தது. வேட்டிக்கு ஒரு மாதம், புதுச்சட்டைக்கு இருபத்தாறு வருஷம்.

அலுவலகத்துக்கென்று எழுதிய விதியும் இருக்கிறது. 2019இல் தமிழ்நாடு அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு ஓர் ஆணை போட்டது. பெண்களுக்குப் புடவை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார். ஆண்களுக்குச் சட்டையும் பேண்டும், அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி. எழுதிய விதிமேல் எங்களுக்குப் பெரிய கோபம் இல்லை, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் நிம்மதிதான். எழுதியது எல்லோருக்கும் ஒன்று. கோர்ட்டில் கருப்புக் கோட்டு யார் போட்டாலும் கருப்புக் கோட்டுதான். நம்மைக் கடிப்பது எழுதாத விதி. 2024 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் முதல் பெண் டபேதார் இடமாற்றம் செய்யப்பட்டபோது, லிப்ஸ்டிக் போட்டதுதான் காரணம் என்று அவர் சொன்னார். காரணம் அதுவல்ல என்றது மறுதரப்பு. யார் பக்கம் உண்மை என்ற தீர்ப்புக்குள் நாங்கள் போகவில்லை. லிப்ஸ்டிக் போடக் கூடாது என்ற அரசாணையைக் காட்டுங்கள் என்று அவர் திருப்பிக் கேட்டாரே, அந்தக் கேள்வியை எங்கள் வகுப்புப் பெண்கள் இரண்டு மூன்று தடவை திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள்.

எழுதிய சீருடையிலும் ஒன்று நமக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. தூய்மைப் பணியாளர்களின் ஒளிரும் பட்டை வைத்த மேல்சட்டை. வண்டி மோதாமல் காக்கும் சட்டைதான், தேவைதான். ஆனால் வேலை முடிந்த நிமிஷமே அதைச் சுருட்டிப் பைக்குள் திணித்துவிட்டு, தேய்த்த புடவையில் பேருந்து ஏறும் அக்காக்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

வகுப்பில் கடைசிவரை தீராத சண்டை ஒன்று. கொஞ்ச நாள் அடக்கமாகப் போ, வேலை நிரந்தரமாகட்டும், பிறகு இஷ்டம்போல உடுத்து என்றார்கள் சிலர். பெற்றோர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம். அவர்கள் கோழைகள் அல்லர், எரிந்த வீட்டைப் பார்த்தவர்கள். எங்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை. ஒரு சட்டைக்காக ஒரு தற்காலிக வேலையைப் பணயம் வைக்கச் சொல்ல எங்களுக்கு என்ன உரிமை, மாதச் சம்பளம் எங்களுக்கு வந்துகொண்டிருக்கும்போது? மலையிலிருந்து வரும் ஒரு பெண் குறுக்கிட்டாள்: "பழசா போட்டுட்டுப் போனா மலைக்காரின்னு சொல்றாங்கண்ணா. புதுசா போட்டா இவளுக்கு எங்கேருந்து காசுன்னு கேக்குறாங்க. ரெண்டுக்கும் பேச்சு வாங்குறதுக்கு எனக்குப் புடிச்சதையே போட்டுட்டு வாங்குறேன்."

தம்பி அந்த வாரம் திங்கட்கிழமை மறுபடி இன் பண்ணிக்கொண்டு போனார். பெல்ட் மட்டும் போடவில்லை, அது தனக்கே பிடிக்கவில்லை என்றார். மீதி ஆறு பேருக்கு அடுத்த மாதம் நேர்காணல் இருக்கிறது. கள்ளக்குறிச்சிக்குப் போய் ரெடிமேட் வாங்குவதைவிடத் தைப்பது மலிவு என்று கணக்குப் போட்டு, அளவெடுக்க டெய்லரை வரும் ஞாயிற்றுக்கிழமை காலனிக்கே வரச் சொல்லியிருக்கிறோம்.